வாகனம் வழமையாக நிறுத்தி வைக்கப்படும் இடம்

கல்முனைக்குடி
11.02.2025

அன்பு மகள் ஆகிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடக்கிறது. உன் இருமல் நின்றதா? பேராதனைக் குளிரில் ஈரத் தலையோடு படுக்காதே.

தொலைபேசியில் நீ எல்லாவற்றுக்கும் "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். வைத்த பிறகு யோசித்தால், நான் கேட்ட எதற்கும் நீ பதில் சொல்லவில்லை என்பது தெரிகிறது. ஆகவே எழுதுகிறேன். கடிதத்தில் வெறும் ஓம் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாயிருக்கும்.

காரின் காப்புறுதி ஏப்ரல் முடிவில் தீர்கிறது. நோன்பு வருமுன் தன் ஆட்கள் எல்லாரையும் முடித்துவிட வேண்டுமென்று ஏஜென்ட் ஜவாத் நேற்றே வந்துவிட்டார். காலிதீன் மாமாவின் மனைவி வழியில் அவர் நமக்குச் சொந்தம் என்பதால் வேறொரு ஏஜென்டைத் தேடவும் முடியாது. படிவத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். வாகனம் வழமையாக நிறுத்தி வைக்கப்படும் இடம்: கல்முனை. வழமையாக ஓட்டுபவர்: உரிமையாளர். கையெழுத்து மட்டும் நான் போட்டால் போதுமாம்.

கார் டிசம்பரிலிருந்து மகளோடு பேராதனையில் நிற்கிறது, ஓட்டுவதும் அவள்தான் என்றேன். சிரித்தார்.

"டீச்சர், காரு எங்க நிண்டா என்ன? பேப்பரு இஞ்சதானே இரிக்கி."

வேறு மாகாணம், வயது குறைந்த சாரதி என்று எழுதினால் கட்டணம் கூடும். எனக்கு உதவி செய்கிறாராம். தன் மாமியாரின் முச்சக்கரவண்டிக்கு வழமையான சாரதி மாமியார் என்றே எழுதியிருக்கிறாராம். அந்த மனுசி கட்டிலை விட்டு இறங்கவே இரண்டு பேர் வேண்டும். புதுப் படிவம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் வீட்டுக்கார அம்மாவின் முழு முகவரி, சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, காரை நான்கு பக்கமும் எடுத்த படங்கள் ஆகியவற்றை அனுப்பு.

காலிதீன் மாமா மறுபடியும் காரைப் பற்றிக் கேட்டார். பொட்டப்புள்ளையிடம் காரைக் கொடுத்து மலைக்கு அனுப்பியிருக்கிறேனாம். அவர் மகன் நிப்றாஸ் இங்கே பைக்கில் வெயில் குடிக்கிறானாம். பஸ் போகாத ஐந்து மலைத் தோட்டங்களில் நீ ஜூலைக்குள் மண் மாதிரி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் ஆய்வறிக்கை இல்லை, அறிக்கை இல்லாவிட்டால் பட்டமும் இல்லை என்று விளக்கினேன். "ஏன், மண்ணு இஞ்ச இல்லையா?" என்று கேட்டார். கடற்கரை வீதியில் நான் பழக்கிய பிள்ளை, முதல் தடவையிலேயே சோதனை பாஸ் பண்ணினவள் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

எத்தனை தோட்டம் முடிந்தது?

கண்டி பஸ் கண்டக்டரிடம் இத்தோடு மாசிச் சம்பலும் கொடுத்திருக்கிறேன். போத்தலைத் திருப்பி அனுப்பு.

துஆவுடன்,
உம்மா

*

பேராதனை
26.02.2025

அன்பின் உம்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா, அல்லது போடுவதாகச் சொல்கிறீர்களா?

சம்பல் இரண்டு நாளில் முடிந்தது. அறைத்தோழி கேதீஸ்வரி திருக்கோவில்காரி, உறைப்பில் எனக்குக் குறைந்தவளில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கும் கொடுத்தேன், கண்ணீர் வழியச் சாப்பிட்டு "ஹரி ரசய்" என்றார், நல்ல ருசியாம்.

அனுமதிப்பத்திரப் பிரதியும் முகவரியும் இத்துடன் இருக்கின்றன. படம் எடுக்க நேரம் கிடைக்கவில்லை, மழை. இங்கே மழை என்றால் நம் ஊரைப்போலப் பெய்துவிட்டுப் போகாது, உட்கார்ந்துவிடும்.

உம்மா, யோசித்துப் பார்த்தேன். ஜவாத் மாமா எழுதியபடியே விட்டால் என்ன? கல்முனை என்றே இருக்கட்டும். வீணாக அலையாதீர்கள்.

விரிவுரைகள் நன்றாகப் போகின்றன. ஆய்வுகூடத்தில் புது அடுப்பு வந்திருக்கிறது, மண்ணைக் காயவைக்க நல்ல வசதி.

சலாமுடன்,
ஆகிலா

*

கல்முனைக்குடி
06.03.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறது. சஹருக்கு எழும்புகிறாயா, அல்லது கேதீஸ்வரி எழுப்பினால்தானா?

காயவைக்க அடுப்பு வந்த செய்தி கிடைத்தது. காயவைக்க மண் வந்ததா என்பதைத்தான் நான் கேட்டிருந்தேன்.

ஜவாத் எழுதியபடி விடு என்று நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன், கையெழுத்து உன்னுடையதுதான். ஒன்பது வயதில் கடைக்காரர் ஒரு ரொபி மிட்டாய் கூடுதலாகத் தந்துவிட்டார் என்று வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்த பிள்ளை நீ. இப்போது வேலை குறைகிறது என்பதற்காக எனக்குப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்கிறாய்.

நாளைக்கு யாராவது காரின் குறுக்கே வந்து, ஒரு காயம் பட்டால், கம்பனிக்காரர் முதலில் கேட்பது கார் எங்கே நின்றது, யார் ஓட்டினார் என்பதைத்தான். கல்முனையில் நின்ற கார் எப்படிப் பேராதனையில் மோதியது என்று ஜவாத் வந்து விளக்குவாரா? காயப்பட்ட ஆளுக்கு யார் பதில் சொல்வது? எனக்குப் பயம் காசுக்கல்ல. காயப்பட்ட ஒருவரின் முகத்துக்கு முன்னால் போய் நின்று பொய் சொல்ல என்னால் முடியாது.

படங்களை அனுப்பு. எத்தனை தோட்டம் என்பதையும் எழுது. மழை என்று எழுதாதே. மண் விஞ்ஞானம் படிக்கிறவள் மழைக்குப் பயந்தால் வேறு பாடம் எடுத்திருக்க வேண்டும்.

இந்த மாதத்தின் பரக்கத் உனக்குக் கிடைக்கட்டும்.

உம்மா

*

கல்முனைக்குடி
24.03.2025

கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

எனது காரின் காப்புறுதியைப் புதுப்பிக்கும் படிவம் தொடர்பாக உங்கள் கிளைக்கு மூன்று தடவை வந்தேன். முதல் தடவை உத்தியோகத்தர் தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை கணினி வேலை செய்யவில்லை. மூன்றாம் தடவை இரண்டும் சரியாக இருந்தன. ஆனால் கல்முனையில் வசிக்கும் உரிமையாளரின் கார் பேராதனையில் நிற்கலாம் என்பதைக் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்கள்.

கார் அங்கேதான் நிற்கிறது. அதை ஓட்டுபவர் எனது மகள், பல்கலைக்கழக மாணவி, வயது இருபத்து நான்கு. இதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்டால் செலுத்துவேன். உண்மையை எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸுஹைறா முஸ்தாக்
விஞ்ஞான ஆசிரியை

*

08.04.2025

அம்மணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாகனம் மத்திய மாகாணத்தில் நிறுத்தப்படுவதால் கண்டிக் கிளையை நாடவும். இதற்கிடையில் ஜூன் 30 வரை தற்காலிகப் பாதுகாப்பு வழங்கப்படுகிறது. புதிய படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

கிளை முகாமையாளர்

*

பேராதனை
16.04.2025

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வந்து மூன்றே நாளில் திரும்பியது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் மகியங்கனை வளைவு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

ஏன் காரில் வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது, தூரம் என்று சொன்னேன். தூரம்தான்.

கேதீஸ்வரியோடு கண்டிக் கிளைக்குப் போனேன். நல்ல மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார்கள். உரிமையாளர் கிழக்கு மாகாணத்தில் இருப்பதால் கல்முனைக் கிளைதான் பார்க்க வேண்டுமாம். உங்களுக்கு வந்து நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, இது கல்முனைக் கிளையின் கடிதம், ஆகவே கல்முனையில்தான் காட்ட வேண்டும் என்றார்கள். வெளியே வந்து கேதீஸ்வரி சிரித்த சிரிப்பில் காவலாளி எழும்பி வந்துவிட்டார்.

படங்கள் இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கம், இடது, வலது.

வேறு விசேஷம் இல்லை. முழங்காலைக் கவனியுங்கள்.

சலாமுடன்,
ஆகிலா

*

கல்முனைக்குடி
24.04.2025

மகள் ஆகிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்டு எழுதும் வழமையான வரிகளை இந்தத் தடவை மன்னித்துவிடு.

கல்முனைக் கிளையில் நான் மேசைக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தேன். கடைசியில், இரண்டு கிளைக்கும் பொதுவாக ஒரு படிவத்தில் இரண்டு முகவரியும் எழுதலாம் என்று ஒரு சின்னப் பெண் கண்டுபிடித்தாள். அந்தத் தொல்லை தீர்ந்தது. இனி உன் தொல்லை.

நான் நான்கு படம் கேட்டேன். மூன்று வந்திருக்கிறது. பின்பக்கம் இல்லை.

இடது பக்கப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். துடைப்பானுக்கு அடியில் பலாச் சருகு செருகிக் கிடக்கிறது. முன் சக்கரத்தைச் சுற்றிப் புல் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. ஓடுகிற காரின் சக்கரத்தடியில் புல் முளைப்பதில்லை.

நீ அந்தக் காரை எப்போது கடைசியாக ஓட்டினாய்?

கோபத்தில் கேட்கவில்லை. ஜூலை முடிய மூன்று மாதம்தான் இருக்கிறது.

உம்மா

*

பேராதனை
07.05.2025

உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜனவரி ஆறாம் திகதி. அதற்குப் பிறகு ஓட்டவில்லை. ஒரு தோட்டத்துக்கும் போகவில்லை.

காரை இங்கே கொண்டுவந்து விட்டது டிரைவர் மிஹ்லார் காக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன். மலை எனக்கு ஒரு காட்சியாகத்தான் தெரிந்தது. இந்த வீடு இருக்கும் ஒழுங்கைப் பாதை கூரை ஏறுவது போல ஏறும். முதல் நாள் விரிவுரைக்குப் போக வண்டியை எடுத்தேன். கேற்றைத் தாண்டியதும் மேடு. முன்னால் ஒரு பால் லொறி, நின்றேன். அது போனதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, நம்மூரில் எடுக்கிற மாதிரியே எடுத்தேன். கார் பின்னால் போனது. எஞ்சின் நின்றுவிட்டது. எதை மிதிப்பது என்றே தெரியவில்லை. கேற்றுத் தூணில் இடித்துத்தான் நின்றது.

வீட்டுக்கார அம்மாவின் மருமகள் சந்த்யா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தூணில் சாய்ந்து நின்றவர். நான் உருள்வதைக் கண்டு விலகியிருக்கிறார். நான் கண்ணாடியில் பார்க்கவே இல்லை உம்மா. இறங்கிய பிறகுதான் அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியும்.

யாரும் ஏசவில்லை. தூணை அவர்களே நிமிர்த்திவிட்டார்கள். ஆனால் நான் கார்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் சந்த்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இரண்டு தடவை அதைப் பார்த்தேன். பிறகு கதவைத் திறக்கவில்லை.

மாமாவிடம் நீங்கள் எனக்காகக் கதைத்ததெல்லாம் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை. காரை நிப்றாஸுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆய்வை அடுத்த வருடம் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

ஆகிலா

*

பேராதனை
25.05.2025

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் வரவில்லை. போனிலும் "எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். ஏசினால்கூடப் பரவாயில்லை. முழங்கால் எப்படி?

ஆகிலா

*

கல்முனைக்குடி
02.06.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் மோசம். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்து வாசித்தேன். சாய்தளத்தில் பொருள் ஒன்று வழுக்குவது பற்றிப் பத்தாம் வகுப்புக்குப் படம் கீறிவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். எனக்கு வந்த முதல் யோசனை, எனக்கும் அது தெரியாது என்பதுதான். பதினெட்டு வருடம் கார் ஓட்டுகிறேன். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஒரு மேடு சொல்லு பார்ப்போம். வேகத்தடை மேடாகாது.

இறக்காமத்துக் குளக்கட்டுக்கு ஏறும் வழி நினைவுக்கு வந்தது. கார் உன்னிடம். காலிதீன் மாமாவின் வேனைக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை.

"காரக் கண்டிக்குக் குடுத்திட்டு இஞ்ச வந்து வேன் கேக்கா பாரு" என்று மாமியிடம் சொல்லிச் சிரித்தார். தன் வேனை என்னிடம் தனியே விடப் பயந்து தானும் ஏறிக்கொண்டார். வழியில் அவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இறக்காமம் போய்ச் சேரும்வரை உன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் பொதுவாகப் பெண்களைப் பற்றியும் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்.

கட்டின் பாதி மேட்டில் நிறுத்தி எடுத்தேன். பின்னால் போனது. மறுபடி எடுத்தேன், எஞ்சின் நின்றது. எருமை மேய்க்கிற மனுசர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

"எழும்பு. நான் காட்டுறன்" என்றார் மாமா.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் கீழே இறங்கி, நல்லவேளை, பக்கவாட்டில் நின்றேன். வேன் அப்படியே பின்னால் வந்தது, நிற்கவே இல்லை. பின் சக்கரம் இரண்டும் வாய்க்கால் சேற்றில் இறங்கித்தான் நின்றது. எருமைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். மரியாதைக்கு.

மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன். முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் கண்டிக்கு ஒரு நாளும் ஓட்டிப் போகல்ல புள்ள. எப்பயும் டிரைவர் புடிச்சித்தான் போற."

முப்பது வருடமாக அவர் கண்டிக்குப் போய் வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நீ. அவற்றில் டிரைவர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

உழவு இயந்திரம் வந்து இழுத்தது. தள்ளியதில் என் முழங்கால் போனது. அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை போனோம். மூன்றாவது சனிக்கிழமை வேன் உருளாமல் எழும்பியது, முதலில் எனக்கு, அஸர் தொழுகை நேரத்துக்குள் அவருக்கும். இதை மாமியிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நில். முதலாம் கியர். எக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு கிளச்சை மெல்ல விடு. எஞ்சின் சத்தம் கனத்து, காரின் மூக்கு இலேசாக உயரும். அதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை விடாதே. உயர்ந்த பிறகுதான் விட வேண்டும். ஆளில்லாத மேட்டில் பழகு. கேதீஸ்வரியைப் பக்கவாட்டில் நிறுத்து, பின்னால் அல்ல.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாகவே மனதில் வைத்துக்கொண்டு ஓட்டு. சந்த்யாவிடம் போய், நான் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று நீயே சொல்லு.

ஆய்வை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது பற்றி நான் ஒன்றும் வாசிக்கவில்லை.

படிவத்தில் ஏற்கெனவே உள்ள சேதம் என்று ஓர் இடம் இருக்கிறது. இடிபட்டதை எழுதத்தான் போகிறேன். நான்காவது படம் வேண்டும். முப்பதாம் திகதி கடைசி நாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர வேண்டாம். மலை ஏறு.

உம்மா

*

பேராதனை
21.06.2025

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமா? மாமாவின் வேன் சுகமா? வாய்க்கால் வரியை வாசித்து நானும் கேதீஸ்வரியும் சிரித்த சத்தத்துக்கு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். மாமியிடம் சொல்ல மாட்டேன்.

எங்கள் விவசாய பீடத்துப் பண்ணைக்குள் ஒரு மேடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லை. முதல் ஞாயிறு அழுதேன். இரண்டாவது ஞாயிறு, நீங்கள் எழுதிய மூக்கு உயர்ந்தது.

சந்த்யாவிடம் சொன்னேன், என் அரைகுறைச் சிங்களத்தில். நேற்று நான் கதவைத் திறந்தபோது அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் மேட்டில் எழும்பித் திரும்பும்வரை நின்றார்.

நேற்றுத்தான் முதலாவது தோட்டத்துக்குப் போனேன். லீக்ஸ் போட்டிருக்கிறார்கள், கறுத்த மண். பன்னிரண்டு பையில் கொண்டுவந்தேன். புது அடுப்பில் இப்போது காய்கிறது. இன்னும் நான்கு தோட்டம்.

நான்காவது படம் இத்துடன். தோட்டத்துப் பாதையில் எடுத்தது. கார் மேல்நோக்கி நிற்கிறது, பம்பர் நசுங்கியது தெளிவாகத் தெரியும். காருக்குப் பின்னால், கீழே நின்று எடுத்தேன். உள்ளே யாரும் இல்லை. ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டிருந்தேன், சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

சலாமுடன்,
ஆகிலா

*

கல்முனைக்குடி
27.06.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் தேவலை. பன்னிரண்டு பையும் காய்ந்ததா?

படிவம் போய்விட்டது. வாகனம் வழமையாக நிறுத்தி வைக்கப்படும் இடம்: பேராதனை. ஓட்டுபவர்: மகள். ஏற்கெனவே உள்ள சேதம்: பின் பம்பர், மேட்டில் பின்னோக்கி உருண்டு தூணில் மோதியது. ஜவாத் வாசித்துவிட்டு, இவ்வளவு உண்மை எழுதிய படிவத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்றார். பாராட்டாகச் சொல்லவில்லை.

காலிதீன் மாமா இப்போது காரைக் கேட்பதில்லை. அடுத்த முறை கண்டிக்குத் தானே ஓட்டிப் போவதாக மாமியிடம் சொல்லியிருக்கிறார். மாமி, "வழமைதானே" என்றாவாம்.

ஜவாத் நான்காவது படத்தை நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு மேட்டுல காருக்குப் பின்னால நிண்டு எடுத்த விசரன் யாரு டீச்சர்?" என்று கேட்டார். யாரும் நிற்கவில்லை, கைபேசியை வேலிக் கம்பில் கட்டி எடுத்த படம் என்று சொன்னேன்.

இந்தக் காப்புறுதி விடயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இன்னொன்று சொல்ல வைக்காதே. சக்கரத்துக்குக் கல் வை.

உம்மா

சம்பல் போத்தல் இன்னும் வரவில்லை.